அகான்கோ வாங்கி வந்த ரேம்

சிரிப்புச் சத்தம் வீட்டுக்குள்ளிருந்து வந்தது. அகான்கோ அண்ணன் அப்போது ஒரு மோட்டார் சைக்கிள் டியூபுக்குக் காற்று ஏற்றிக்கொண்டிருந்தார். கை பம்பில், காது வீட்டில். டியூப் முதலில் சுரைக்காய் அளவுக்கு வீங்கியது, பிறகு பூசணிக்காய் ஆனது, அதற்குப் பிறகு டமார் என்று வெடித்தது. வண்டிக்காரன் தலையில் கை வைத்துக்கொண்டு அலறினான். அண்ணன் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"கேட்டியா வாத்தியாரே?" என்றார் என்னிடம்.

"கேட்டேன் அண்ணே. தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும்."

"டியூபைச் சொல்லல. உள்ள."

உள்ளே அவர் மனைவி தலாத்தா அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். கூடவே ஓர் ஆண் குரலும் சிரித்தது. அது லைனஸ். கம்ப்யூட்டர் பழுது பார்க்க வந்தவன்.

கானா நாட்டின் வடக்கே போல்காட்டாங்காவில், நவ்ரோங்கோ போகும் சாலை ஓரத்தில் அகான்கோ அண்ணனின் வீடு. முற்றத்தைச் சுற்றி அறைகள். அதில் ஒன்றில் பள்ளிக்கூட வாத்தியாரான நான் வாடகைக்கு இருக்கிறேன். வாசலில் வேப்பமரம், மரத்தடியில் அவருடைய பஞ்சர் கடை. புல்சா இனத்துக்காரர். சாண்டெமாவிலிருந்து ஒற்றைப் பம்பைத் தோளில் போட்டுக்கொண்டு இந்த ஊருக்கு வந்தவர். டியூபைத் தண்ணீரில் முக்காமலே, காதருகில் வைத்துக் கேட்டு, ஓட்டை எங்கே என்று விரலை வைத்துவிடுவார். ஆனால் வாயைத் திறந்தால் நாலு வார்த்தைக்கு மேல் வராது. சாப்பாட்டு நேரத்தில் "இருக்கா?" என்பார். சாப்பிட்ட பிறகு "இருந்தது" என்பார். அவ்வளவுதான் அவர் மனைவியோடு பேசும் பேச்சு என்று பக்கத்து வீட்டார் கேலி செய்வார்கள்.

தலாத்தா அக்கா நேர் எதிர். போங்கோ ஊர்ப் பக்கத்து ஃப்ராஃப்ரா இனப் பெண். முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வைத்துக்கொண்டு சாவு போஸ்டர், கருமாதி நினைவு மலர், கல்யாணப் பத்திரிகை எல்லாம் செய்து கொடுப்பார். எங்கள் பக்கத்தில் மனிதன் சாவது ஒரு நாள், அவன் படம் சுவரில் சிரிப்பது ஒரு வருஷம். அதனால் அக்காவுக்குத் தொழில் குறைவதில்லை. கம்ப்யூட்டர் மட்டும்தான் தகராறு. எந்த நாட்டிலோ யாரோ வீட்டில் ஓட்டிக் களைத்துத் தள்ளிவிட்டது. கப்பலேறித் தேமா துறைமுகத்தில் இறங்கி, லாரியேறி வடக்கே வந்தது. இந்த ரகத்துக்குக் கடைத்தெருவில் 'வீட்டில் பழகியது' என்று மரியாதையான பெயர். செத்தவருடைய இருபது போட்டோவை ஒன்றாகத் திறந்தால் போதும், அதுவும் செத்ததுபோல நின்றுவிடும். உடனே அக்கா போனை எடுப்பார். உடனே லைனஸ் வருவான்.

லைனஸ் டகாபா இனத்தவன். மேற்கே நான்டோம் ஊர். சந்தைக்கு எதிரே கடை போட்டிருந்தான். அவன் வெறும் மெக்கானிக்காக இருந்திருந்தால் அண்ணனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் டகாபாவும் ஃப்ராஃப்ராவும் கேலிமுறைக்காரர்கள். முன்னொரு காலத்தில் இரண்டு கூட்டமும் ஒரு நாயை அடித்துப் பங்கு போட்டபோது தலை யாருக்கு என்று சண்டை வந்ததாம். கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். அன்றிலிருந்து ஒருவரை ஒருவர் எங்கே கண்டாலும் ஏசலாம். அடிமை என்று அழைக்கலாம். பாட்டனை இழுக்கலாம், பாட்டியை இழுக்கலாம். கோபப்படத்தான் கூடாது. கோபப்பட்டவன் மனுஷனே இல்லை. புல்சாக்காரர்களான எனக்கும் அண்ணனுக்கும் அந்தப் பந்தியில் இலை கிடையாது. எங்கள் கேலிமுறைக்காரர்கள் வேறு ஆட்கள்.

லைனஸ் வாசலில் வண்டியை நிறுத்தும்போதே ஆரம்பித்துவிடுவான்.

"ஏ நாய்த்தலை! இருக்கியா, இல்ல மெஷினோட சேர்ந்து நீயும் நின்னுட்டியா?"

"வாடா என் அடிமை! எஜமானி கூப்பிட்டா இவ்வளவு நேரமா? காலைக் கழுவிட்டு வா, உன் ஊர் அழுக்கு ஒட்டிக்கும்."

"உன் பாட்டன் ஒரு நாய்த்தலைக்குச் சொந்தத் தங்கச்சியையே வித்தவன். நீ எனக்கு அழுக்கைப் பத்திப் பேசுறியா?"

"வாங்கினவன் யாரு? உன் பாட்டன்தானே! தலை தீஞ்சிருக்குன்னு அழுதுக்கிட்டே போனானாமே!"

இப்படிப் பேசிக்கொண்டேதான் அவன் மூடியைக் கழற்றுவான். தூசி ஊதுவான். மறுபடி ஓடவிடுவான். பாலைவனத் தூசியைச் சுமந்துவரும் ஹார்மட்டான் காற்று அடிக்கும் மாதங்களில் அவன் வந்துபோன பிறகு ஒரு கைப்பிடி செம்மண் தரையில் கிடக்கும். அக்கா அதைப் பெருக்கும்போதும் சிரித்துக்கொண்டே பெருக்குவார். அந்தச் சிரிப்புதான் அண்ணனுக்கு ஆகவில்லை. அவன் போன பிறகும் அது வீட்டில் கிடந்தது.

அண்ணனுடைய பொறாமைக்கு ஒரு கணக்கு இருந்தது. அதை அவர் என்னிடம் மட்டும் சொன்னார்.

"நாங்க எப்படிக் கல்யாணம் பண்ணினோம் தெரியுமா? அவ சைக்கிளை உருட்டிக்கிட்டு வருவா. பஞ்சர். ஒட்டிக் கொடுப்பேன். ரெண்டு நாள்ல திரும்ப வருவா. பஞ்சர். போல்கா ரோட்டுல இருக்கிற முள்ளெல்லாம் இந்த ஒரு பொண்ணுக்காகவே காத்திருக்கோன்னு நான் நினைச்சேன். அப்புறம் ஒரு நாள் ஓட்டையைப் பார்த்தேன். உருண்டு போற டயர்ல குத்துற முள்ளு சாய்வா ஏறும். இது நேரா ஏறியிருந்துச்சு. கையால குத்தினது."

"அட! அக்காவா?"

"என்னைப் பார்க்கத்தான்." சொல்லும்போது ஒரு கணம் முகம் மலர்ந்தது. உடனே இருண்டது. "இப்போ சொல்லு வாத்தியாரே. அடிக்கடி ஒரு பொருள் கெட்டுப்போனா என்ன அர்த்தம்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அவர் கண்ணில் விளையாட்டு இல்லை.

"அண்ணே, கம்ப்யூட்டர் தானாத்தான் நிக்குது. யாரும் முள்ளு குத்தல. அதுல ரேம் கம்மி."

எங்கள் வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். கணக்கில். படித்தவனுக்குச் சோளக்கொல்லையில் களை எடுக்கத் தெரியாது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள், அது பொய், எனக்கு இரண்டும் தெரியும். கல்லூரி விடுதியில் என் பழைய லேப்டாப்புக்கு நானே ரேம் மாற்றியிருக்கிறேன். அதனால் விளக்கிச் சொன்னேன். "ரேம்ங்கிறது வேலை செய்யற மேசை மாதிரி. அக்கா திறக்கிற ஒவ்வொரு போட்டோவும் மேசை மேல ஒரு இடம் பிடிக்கும். மேசை சின்னது. ரொம்பிப்போனா ஒண்ணைத் தரையில இறக்கி வெச்சுட்டு இன்னொண்ணை மேல எடுக்கணும். குனிஞ்சு நிமிர்ந்து, குனிஞ்சு நிமிர்ந்து, மெஷினுக்கு மூச்சு வாங்குது. அதான் நிக்குது."

"அப்போ மேசையைப் பெரிசாக்கிட்டா நிக்காது."

"அவ்வளவு சீக்கிரம் நிக்காது."

"நிக்கலைன்னா அவன் வரமாட்டான்."

"யாரு அண்ணே?"

"யாருமில்ல. எப்போ போகலாம்?"

அக்கா பாட்டுக்குழுப் பயிற்சிக்குத் தேவாலயம் போன ஒரு சாயங்காலம் மூடியைத் திறந்து பார்த்தோம். ஒரே ஒரு ரேம் துண்டு செருகியிருந்தது. பக்கத்துப் பள்ளம் காலி. அண்ணன் துண்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போடப் போனார்.

"எதுக்கு அண்ணே?"

"டியூப் வாங்கப் போறவன் பழைய டியூபைக் கையில கொண்டு போவான். அளவு தப்பக் கூடாது."

"சரிதான். ஆனா இதை எடுத்துட்டா மெஷின் உயிரே வராது. அக்கா வந்து சுவிட்சைப் போட்டுப் பார்ப்பாங்க. அப்புறம் யாருக்குப் போன் பண்ணுவாங்க?"

நெருப்பைத் தொட்டவர்போல அதைத் திரும்பச் செருகினார். நான் போனில் அதன் முகத்தைப் படம் எடுத்துக்கொண்டேன்.

லைனஸ் கடையில் ரேம் இருந்தது. சாலையைக் கடந்து சந்தையடிக்குப் போனால் போதும். நாங்கள் தெற்கே தூரத்திலிருந்த தமாலே நகரத்துக்குப் பஸ் ஏறினோம். பஸ் கிளம்ப அரை நாள் காத்திருந்து, வழியில் இரண்டு இடத்தில் நின்று, முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்துகொண்டு போனோம். பக்கத்து ஆள் மடியில் இருந்த கினிக்கோழி அண்ணனின் தொடையைக் கொத்திக்கொண்டே வந்தது. அவர் அதைத் தள்ளக்கூட இல்லை. வழியெல்லாம் ஒரே கேள்வி.

"அவன் கடையிலதான் வாங்கணும்னு ஒண்ணும் இல்லையே?"

"இல்லை அண்ணே."

"அவன்தான் மாட்டணும்னும் இல்லையே?"

"இல்லை அண்ணே. நாமே மாட்டலாம்."

"நாமே." அந்த வார்த்தையைச் சூயிங்கம் மாதிரி மென்றுகொண்டு வந்தார்.

தமாலேக் கடைக்காரர் என் போனிலிருந்த படத்தைப் பார்த்தார். இந்தப் பழைய மெஷினுக்குப் பழைய தலைமுறை ரேம்தான் பொருந்தும், புதுசின் வெட்டு வேறு இடத்தில் இருக்கும் என்றார். கூடைக்குள் கையை விட்டுத் துழாவி ஜோடியாக இரண்டு எடுத்து, தம்முடைய மெஷினில் போட்டு ஓட்டிக் காட்டினார். அண்ணன் பேரம் பேசாமல் வாங்கினார். தமாலே வந்து பேரம் பேசாமல் ஒரு புல்சாக்காரர் பொருள் வாங்கியதை நான் அன்றுதான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அக்கா பூசைக்குப் போயிருந்தார், கூடவே அவருடைய அம்மாவும். கண் வைத்தியத்துக்காகப் போங்கோவிலிருந்து வந்து அந்த வாரம் மகள் வீட்டில் தங்கியிருந்தார் அந்த அம்மாள். மாமியார் இருக்கும் வீட்டில் மருமகன் எப்படி நடக்க வேண்டுமோ அப்படித்தான் அண்ணனும் நடந்துகொண்டிருந்தார். காலையில் எட்ட நின்று குந்தி வணங்குவார். முகத்தைப் பார்க்கமாட்டார். அந்த அம்மாள் முற்றத்தில் இருந்தால் அவர் வேப்பமரத்தடியில்.

மின்சாரத்தைப் பிடுங்கினோம். உடம்பிலிருக்கும் மின்னேற்றம் இறங்கட்டும் என்று இரும்புச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டோம். பழைய துண்டை எடுத்துவிட்டு, புதுசின் தங்கநிற விளிம்பை என் பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் துடைத்தோம். அண்ணன் தான்தான் செருகுவேன் என்றார். டயர் இரும்பை வளைக்கும் அந்தக் கட்டைவிரல்கள் அன்று முட்டையைத் தொடுவதுபோல அதைத் தொட்டன. செருகினார். சுவிட்சைப் போட்டேன். மெஷின் பீப், பீப் என்று கத்தியது. திரை கறுப்பு.

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "செத்துப்போச்சா?"

"இல்லை அண்ணே. சரியா உட்காரலைன்னு சொல்லுது. நீங்க பயந்து பயந்து அழுத்தினீங்க. ரெண்டு முனையும் சமமா அழுத்துங்க. ஓரத்துக் கொக்கி தானா மூடணும்."

கழற்றி மறுபடி வைத்தார். இந்தத் தடவை பயப்படவில்லை. கொக்கிகள் டக், டக் என்று மூடின. அவர் தொழிலில் அவருக்குப் பழகிய சத்தம்போலும், முகம் தெளிந்துவிட்டது. திரை வெளுத்தது. ஒரு ஜிபி என்று இருந்த இடத்தில் நாலு என்று எண் வந்தது.

"நாலு மேசையா?"

"நாலு மேசை."

சட்டையைக் கழற்றி அந்தக் கம்ப்யூட்டரைத் துடைத்தார். தூசியே இல்லை, ஆனாலும் துடைத்தார்.

அக்கா வந்ததும் வழக்கம்போலப் பயந்து பயந்து வேலையைத் திறந்தார். இறந்துபோன ஒரு தலைமை ஆசிரியருக்கு மலர். குழந்தைப் படத்திலிருந்து சவப்பெட்டிப் படம் வரை குடும்பத்தார் கொடுத்த போட்டோ அத்தனையும் அதில் இருந்தன. ஒன்றைத் திறந்தார். பத்தைத் திறந்தார். எல்லாவற்றையும் திறந்தார். மெஷின் நிற்கவில்லை. அக்கா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"இதை யாரு தொட்டது?"

அண்ணன் முற்றத்தில் கை கழுவிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே கழுவிய கை. "நான்தான்."

"நீயா? அகான்கோ, நீயா?"

"மேசை சின்னது. பெரிசாக்கினேன்."

அக்கா ஓடி வந்து அவரைச் சுற்றி ஓர் ஆட்டம் ஆடினார் பாருங்கள், மாமியார் அம்மாள் முக்காட்டை இழுத்துக்கொண்டு மறுபுறம் திரும்பிக்கொண்டார். மத்தியானம் கினிக்கோழிக் குழம்பு, டூசாஃபி களி. அண்ணன் சாப்பிட்டுவிட்டு "இருந்தது" என்று சொல்லவில்லை. "நல்லா இருந்தது" என்றார். ஒரு வார்த்தை கூடிவிட்டது. அந்த மனுஷன் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததை நான் கண்டதில்லை. பாத்திரம் கழுவுகிற வரைக்கும் அது நீடித்தது.

பாத்திரம் கழுவிவிட்டு அக்கா போனை எடுத்தார்.

"ஏ அடிமை! வந்து பாருடா! உன் பொழைப்பு போச்சு! என் வீட்டுக்காரர் மெஷினைக் குதிரையா மாத்திட்டார். வா வா, வந்து வயிறெரி!"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கம்ப்யூட்டர் கெட்டால்தான் அவன் வருவான் என்றுதானே எங்கள் கணக்கு. நன்றாக ஓடினாலும் வருவான் என்பது அதில் இல்லை.

லைனஸ் வந்தான். வேப்பமரத்தடியில் அண்ணனைக் கண்டதும், "வணக்கம் அண்ணே" என்று மரியாதையாகக் கும்பிட்டான். அவரிடம் அவன் எப்போதும் அப்படித்தான். ஒரு கேலி, ஒரு ஏச்சு கிடையாது. அந்த மரியாதைதான் அவருக்கு முள்ளாகக் குத்தியது. உள்ளே போனவன் மெஷினைப் பார்த்தான், மூடியைத் திறந்து பார்த்தான். "நல்லா மாட்டியிருக்கீங்க அண்ணே. சுத்தமான வேலை" என்று வாசல் பக்கம் பார்த்துச் சத்தமாகச் சொன்னான். பிறகு அக்கா பக்கம் திரும்பினான்.

"இதுக்குப் போய் நாலு ஜிபியா? ஃப்ராஃப்ரா வீட்டு மெஷினுக்கு எதுக்கு அவ்வளவு? எவ்வளவு போட்டாலும் உள்ள ஒரே ஒரு நாய்த்தலைதான் இருக்கப்போவுது!"

"அடேய்! நீ சாவுடா, உன் போஸ்டரை இதே மெஷின்ல நான் இலவசமா அடிக்கிறேன்!"

"நல்ல போட்டோவாப் போடு. உங்கம்மா அதைப் பார்த்து அழணும்."

மாமியார் அம்மாளும் விடவில்லை. "நான் ஏன்டா அழறேன்? அடிமை செத்தா எஜமானுக்குத் தோலாவது மிஞ்சும்!" மூன்று பேரும் சிரித்தார்கள். அந்த அம்மாள் மருந்து விட்ட கண்ணை முந்தானையால் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். "மாமி, ஒரு நாய்த்தலைக்குத் தங்கச்சியை வித்த வம்சம்தானே நீங்க!" என்றான் லைனஸ். "வித்தோம்டா! இன்னும் பாக்கி வரணும்!" என்று அவர் தொடையைத் தட்டினார்.

அண்ணன் வாசற்படியில் நின்றார். கையில் லைனஸுக்காக அக்கா ஊற்றி வைத்திருந்த பீட்டோ சுரைக்குடுவை. ஞாயிற்றுக்கிழமை சோளக்கள் நுரைத்து வழிந்துகொண்டிருந்தது. அவர் முகத்தில் நான் இதுவரை பார்க்காத ஒரு சிரிப்பு வந்தது. வாடகைக்கு வாங்கிய சட்டை மாதிரி பொருந்தாத சிரிப்பு. "அண்ணே..." என்று கையை நீட்டினேன். அதற்குள் பேசிவிட்டார்.

"ஆமாமா! இந்த ஜனங்களுக்கு ஒரு நாய்த்தலையைக் காட்டினாப் போதும். பெத்த பொண்ணையே தூக்கிக் கொடுத்துடுவாங்க!"

சொல்லிவிட்டு அக்கா சிரிப்பார் என்று அக்கா முகத்தைப் பார்த்தார்.

லைனஸின் வாயில் அது விளையாட்டு. மருமகன் வாயில், மாமியார் முகத்துக்கு நேரே, அது வேறு. பரிசமாக மாடு ஓட்டி வந்து பெண் கேட்டவன், உங்கள் பெண்ணை ஒரு நாய்த்தலைக்கு வாங்கினேன் என்று சொன்னதாக ஆயிற்று. குடுவையிலிருந்து நுரை சொட்டிய சத்தம் கேட்டது. லைனஸ் தலையைக் குனிந்துகொண்டான். அவன்கூடச் சிரிக்கவில்லை.

அந்த அம்மாள் மெல்ல எழுந்தார். துணியை இறுக்கிக் கட்டினார். "தலாத்தா, என் பை எங்கே?" அவ்வளவுதான். ஏசவில்லை. ஏசியிருந்தால் பிழைத்திருப்போம்.

அண்ணன் அப்படியே குந்திவிட்டார். "அத்தை... நான் விளையாட்டுக்கு..."

"நீ எனக்கு மருமகன். உனக்கும் எனக்கும் என்ன விளையாட்டு?"

அக்கா பையை எடுத்து வந்தார். அவர் தோளில் இன்னொரு பையும் இருந்தது. அவருடையது. "கண்ணுல மருந்தோட அம்மாவைத் தனியா அனுப்ப முடியாது" என்றார் சுவரைப் பார்த்து. சாலையில் ஒரு மூன்று சக்கர வண்டியை நிறுத்தி இருவரும் ஏறிப் போய்விட்டார்கள்.

திரும்பி வரவில்லை. அந்த வாரம் வரவில்லை, அடுத்த வாரமும் வரவில்லை. தலைமை ஆசிரியர் வீட்டுக்காரர்கள் மலர் கேட்டு வந்து, கிடைக்காமல், வேறு இடத்துக்குப் போனார்கள். அண்ணன் பஞ்சர் கடையைப் பாதி நாளில் மூடிவிட்டு முன்னறையில் போய் உட்காருவார். கம்ப்யூட்டரைப் போடுவார். எல்லாப் போட்டோவையும் திறப்பார். யாருடையவோ குழந்தை, யாருடையவோ கல்யாணம், யாருடையவோ பிணம். எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் வந்து நிற்கும்.

"நிக்கவே மாட்டேங்குது வாத்தியாரே," என்றார் ஒரு நாள். "ஒரு தடவைகூட நிக்க மாட்டேங்குது."

அவரே தனியாகப் போங்கோவுக்குப் போய் வந்தார். மன்னிப்புக் கேட்பவர் வைக்கும் கோலாக்கொட்டை கொண்டுபோனார். வெளிவாசலைத் தாண்டவிடவில்லை. "வாய் இல்லாம வந்துட்டியா? பேச ஆள் எங்கே?" என்று மச்சினன் கேட்டானாம். வழக்கம் அது. மாமியார் வீட்டில் மன்னிப்புக் கேட்க மருமகன் தன் வாயைத் திறக்கக் கூடாது, தூது வேண்டும். கல்யாணத்துக்குத் தூது போனவர் இறந்து இரண்டு மழைக்காலம் ஆயிற்று. புதுத் தூதாக யாரை அனுப்பினாலும், வேண்டாம் என்று வாசலிலேயே திருப்பி அனுப்ப அவர்களுக்கு உரிமை உண்டு. ஒரே ஒரு வகை ஆளை மட்டும் திருப்பி அனுப்ப முடியாது.

"அண்ணே, ஒரு ஆள் இருக்கான்," என்றேன்.

"சொல்லாதே."

"கேலிமுறைக்காரனை அவங்க விரட்ட முடியாது."

"சொல்லாதேன்னேன்!" டயர் இரும்பை எறிந்தார். அது வேப்பமரத்தில் பட்டு விழுந்தது. போய் எடுத்து வந்தார். துடைத்தார். "என் பொண்டாட்டியைச் சிரிக்க வெச்சவனை, என் பொண்டாட்டியைக் கூட்டிட்டு வரச் சொல்லி நான் கேட்கணுமா?"

அன்று மாலையே சந்தைக்கு எதிரே அந்தக் கடைக்கு முதல்முறையாகப் போனோம்.

லைனஸ் எழுந்து நாற்காலியைக் கொடுத்தான். அண்ணன் உட்காரவில்லை. "தலாத்தாவைக் கூட்டிட்டு வரணும்," என்றார்.

"நானா அண்ணே?"

"உன்னைத்தான் விரட்ட முடியாதாம்."

லைனஸ் ஒரு திருப்புளியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தான். "அந்த வார்த்தை என்னாலதான் வந்தது. எனக்கும் அன்னையிலேர்ந்து சோறு இறங்கல. காலையில போகலாம் அண்ணே."

"நான் உன்கிட்ட மன்னிப்புக் கேட்க வரல."

"இல்லை அண்ணே. தெரியும்."

போங்கோவில் வீடுகள் பாறைகளுக்கு நடுவே இருக்கும். இரண்டு மோட்டார் சைக்கிள்களையும் ஒரு பாறை நிழலில் விட்டோம். அண்ணன் இரண்டு கினிக்கோழிகளைக் கால் கட்டித் தலைகீழாகப் பிடித்திருந்தார். நாங்கள் வாசலுக்கு வெளியே குந்திக்கொண்டோம். லைனஸ் மட்டும் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே பாய்ந்தான்.

"நாய்த்தலைகளே! எல்லாரும் எங்கே ஒளிஞ்சிருக்கீங்க? எஜமான் வந்திருக்கேன்!"

"பிடிடா அந்த அடிமையை! கட்டுடா!" மச்சினன்மார் கம்புகளை ஓங்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். இவன் தொப்பென்று முற்றத்தின் நடுவில் மல்லாந்து படுத்துவிட்டான்.

"அடிச்சுக் கொல்லுங்க! என் பிணத்தை நான்டோம் வரைக்கும் நீங்கதான் தூக்கணும். நான் கனமா இருப்பேன். உங்க வீட்டுச் சோத்தைத் தின்னுதானே வளர்ந்தேன்!"

உள்ளே எங்கோ ஒரு சிரிப்பு நழுவியது. தலாத்தா அக்காவின் சிரிப்பு. அண்ணனின் கழுத்து நரம்பு புடைத்தது. தலை குனிந்தே இருந்தது, கால் கட்டைவிரல் மட்டும் மண்ணைத் தோண்டியது. கோழிகளைப் பிடித்த பிடி இறுகி, அவை கத்தின.

"மாமி!" என்றான் லைனஸ் படுத்தபடியே. "உங்க மருமகன் வாயில வந்தது யாரோட வார்த்தை? என் வார்த்தை! அந்த புல்சாக்காரருக்குப் பேச்சு வராது, ஊருக்கே தெரியும். என் வாயை அன்னைக்கு ஒரு நாளைக்கு இரவல் வாங்கினார். அவருக்குப் பொருந்தல. கைக்குப் பெரிசா இருந்துச்சு, கீழ போட்டுட்டார். வாய் என்னது. வார்த்தை என்னது. இப்போ என் மேல கோபப்படுங்க பார்ப்போம்!"

எப்படிக் கோபப்படுவார்கள்? அந்த அம்மாள் கொஞ்ச நேரம் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் தோள் குலுங்கியது. அப்புறம் அவர் உட்கார்ந்திருந்த முக்காலியே குலுங்கியது. "எழுந்திருடா, என் முற்றம் அழுக்காகுது!" என்று தண்ணீரை எடுத்து அவன் மேல் ஊற்றினார்.

கோழிகளை உள்ளே வாங்கிக்கொண்டார்கள். அண்ணனை அழைத்தார்கள். அவர் மண்டியிட்டபடியே வந்து குந்தினார்.

"மருமகனே," என்றார் அந்த அம்மாள், அவரைப் பார்க்காமல். "உனக்குச் சிரிப்பு வேணும்னா வேற இடத்துல தேடிக்கோ. எங்க வீட்டுல உனக்கு மரியாதை இருக்கு. அது இவனுக்குக் கிடையாது. இவன் மேல நாங்க தண்ணி ஊத்துறோம், பார்த்தே இல்ல?"

அண்ணன் வழக்கப்படி மெல்லக் கைதட்டி ஏற்றுக்கொண்டார்.

அக்கா பையோடு வந்து அண்ணனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்தார். நான் லைனஸ் வண்டியில். அவன் சட்டையெல்லாம் ஈரம். நாங்கள் முன்னால் போனோம். கொஞ்ச தூரம் போனதும் பின்னால் வண்டிச் சத்தம் கேட்கவில்லை. நிறுத்தித் திரும்பிப் பார்த்தோம். தூரத்தில், சாலை ஓரத்தில், வண்டி நின்றிருந்தது. அக்கா இறங்கிவிட்டிருந்தார். கைகள் இரண்டும் காற்றில் பறந்தன. காற்று எங்கள் பக்கம் அடித்தபோது ஒரு துண்டு வந்தது: "என்னையா? என்னையா சந்தேகப்பட்டே?" மிச்சத்தைக் காற்றே கொண்டுபோயிற்று. தமாலே போன காரணத்தை அண்ணன் வழியில் வாய்விட்டுச் சொல்லிவிட்டார் போலும். பையைத் தரையில் போட்டார். எடுத்தார். மறுபடி போட்டார். நான்கு அடி தள்ளிப் போய்விட்டு, சொல்ல ஒன்று மறந்துபோனதுபோலத் திரும்பி வந்து, அதையும் சொன்னார். அவர் கண்ணைத் துடைத்துக்கொள்வதும் தெரிந்தது.

"என்ன பண்றாங்க?" என்றான் லைனஸ்.

"திட்டறாங்க."

"அவ்வளவு நேரமாவா?"

"இப்பதான் ஆரம்பிச்சிருக்காங்க போல."

அவன் இன்ஜினை அணைத்தான். கைப்பிடியில் சாய்ந்துகொண்டு பார்த்துக்கொண்டே இருந்தான். "என்னை ஒரு நாளும் இப்படித் திட்டினதில்ல," என்றான்.

"தினமும்தானே அடிமை, அழுக்கு, சாவுன்னு..."

"அதெல்லாம் திட்டா வாத்தியாரே?"

அங்கே அகான்கோ அண்ணன் வண்டியைக் காலால் தாங்கிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, அத்தனையையும் வாங்கிக்கொண்டிருந்தார். இடையில் ஒரு முறை நிமிர்ந்தார். அக்காவின் தோளுக்கு மேலாக எங்களைப் பார்த்தார். தன் வீட்டுத் திண்ணிய சுவருக்குள் நின்றுகொண்டு தெருவில் போகிறவனைப் பார்க்கிற மனுஷனின் முகம் அது. லைனஸ் ஈரச் சட்டையைப் பிழிந்தான். ஏற்கெனவே காய்ந்துபோயிருந்த இடத்தையும் பிழிந்தான். அப்புறம் வண்டியை உதைத்தான். முதல் உதையில் அது கிளம்பவில்லை.